அக்ரூட் குடும்பம்

அக்ரூட், பெக்கான், ஹிக்கரி ஆகிய மரங்கள் ஜக்லண்டேசி என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ அறுபது சிற்றினங்களைக் கொண்ட இக்குடும்பம் பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நிலங்களில் பரவியுள்ளது. தென்னிந்தியத் தீபகற்பத்தில் இதன் இயல்வாழ் மரம் ஒன்றுகூட இல்லை.

1753-இல் லின்னேயசு அக்ரூட்டுக்கு ஜக்லன்ஸ் ரீஜியா எனப் பெயரிட்டார். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெக்கானையும் 1787-இல் வாங்கன்ஹைம் அதே ஜக்லன்ஸ் பேரினத்தில்தான் சேர்த்தார். 1818-இல் நட்டால் ஹிக்கரி மரங்களுக்குக் கார்யா என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். பெக்கானுக்கு இன்று வழங்கும் கார்யா இல்லினாயினென்சிஸ் என்னும் பெயர் 1869-இல் கார்ல் கோக் அமைத்தது. இப்பிரிவினை மிகவும் பொருத்தமானதே. அக்ரூட்டின் இளங்கிளையை நெடுக்காகப் பிளந்தால், பித் எனப்படும் நடுத்திசு சிறுசிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். கார்யாவிலோ அது இடைவெளியின்றி நிறைந்திருக்கும். கொட்டையை மூடிய பச்சைத் தோல் கார்யாவில் முதிர்ந்ததும் நான்கு மடல்களாக வெடிக்க, அக்ரூட்டில் ஒழுங்கின்றிக் கிழிந்தோ அழுகியோ உதிரும். இரண்டிலும் ஆண்பூக்கள் தொங்கு கதிர்களாக அமைந்து காற்றால் மகரந்தம் பரப்புகின்றன. ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு வேளையில் முதிர்வதால், தோப்பில் பல வகைகளைக் கலந்து நடுவது வழக்கம். கிழக்கு இமயத்தில் வளரும் எங்கல்ஹார்டியாவும் இக்குடும்பத்ததே. அதன் சிறு காய்கள் சிறகுபோன்ற பூவடிச் செதிலால் பறந்து பரவுபவை.

இக்குடும்பத்தின் இந்தியத் தொன்மையை ஆராய்ந்தோருள் ஜி. எஸ். பூரி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். 1940-களில் அவர் காஷ்மீரின் கரேவா படிவுகளில், அதாவது பழைய ஏரிகளின் அடியில் படிந்து இறுகிய களிமண் அடுக்குகளில், கிடைத்த இலைத்தடங்களை ஆராய்ந்து அக்ரூட் இனத்தையும் இனங்கண்டார். அக்ரூட் பாரசீகத்திலிருந்து மனிதர் கொண்டுவந்தது என்ற கருத்து நெடுநாள் நிலவியபோதிலும், மனிதர் பயிரிடத் தொடங்குவதற்கு மிக முற்பட்ட இச்சான்றுகளால் அது காஷ்மீருக்கு உரிய மரமே எனக் கொள்வது தகும். பூரி பின்னர் புனேயில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மேற்கு வட்டத்தில் பணியாற்றினார். அவ்வட்டம் 1955-இல் நிறுவப்பட்டது.

காஷ்மீரைப் போலன்றி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயின் மிதமான குளிர்காலம், அக்ரூட் மொட்டுகள் உறக்கம் கலைந்து தளிர்க்கத் தேவையான நீண்ட குளிரைத் தருவதில்லை. அதனால் அங்குள்ள அங்காடிகளில் விற்கும் அக்ரூட் காஷ்மீரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருவதே. பெக்கான் இமாச்சலப் பிரதேசத்தில் சிறிய அளவில் பயிராகிறது.