மறைந்து நின்ற புள்ளி

எழுத்துத்தொடர்களின் பொது வடிவைச் சில குறிகளால் சுட்டும் கோவையைக் கணினியாளர் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். நரம்பணு வலைகளை ஆராய்ந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி 1951இல் வகுத்து, 1956இல் அச்சேறியது அது. அன்று அதனைப் படித்தவர் மனிதரே.

1968 சூனில் வெளியிட்ட கட்டுரையில் கென் தாம்சன் அதனைப் பொறிக்குப் படிக்கக் கொடுத்தார். பிழையற்ற கோவையை மட்டும் உள்ளே விடும் சல்லடையே அவர் நிரலின் முதற்படி. அச்சல்லடை இன்னொன்றும் செய்தது. அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகளிடையே 'இதன்பின் இது' என்னும் உறவுக்குக் குறியில்லை. அது தொக்கு நிற்கிறது. தொகையை விரிக்கும் உரையாசிரியர் போல, நிரல் அங்கே ஒரு புள்ளியை இட்டது. அவர் தந்த சான்றை நம் எழுத்தில் எழுதினால், அ(ஆ|இ)*ஈ என்பது அ·(ஆ|இ)*·ஈ ஆகும். பின்னர்க் குறிகள் தாம் இணைப்பவற்றின் பின்னே வருமாறு அஆஇ|*·ஈ· என அடுக்கப்பெற்று, ஐபிஎம் 7094 பொறிக்குரிய கட்டளைகளாயின.

கோவையை எழுதியவர் கண்ணில் இப்புள்ளி படவில்லை. இடர் அங்கேதான். வரித்தொடக்கத்தை ^ என்றும், முடிவை $ என்றும், 'அல்லது' என்பதை | என்றும் குறிப்பர். 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே உள்ள வரிகளைத் தேடுபவர் ^ஆம்|இல்லை$ என எழுதிவிடுவார். மறைந்த புள்ளியின் பிணைப்போ | குறியினும் இறுக்கமானது. ஆகவே பொறி, 'ஆம்' எனத் தொடங்குவது அல்லது 'இல்லை' என முடிவது எனப் பிரிக்கும்; ஆம்பலில் தொடங்கும் வரியும் வலையில் விழும்!

1998இல் வந்த பெர்ல் 5.005, வேண்டுவோர்க்குத் தான் கோவையைப் பிரித்த விதத்தை அச்சிட்டுக் காட்டியது. பிற்காலக் கருவிகள் அதனை இருப்புப்பாதை போலக் கிளைக்கும் படமாகவே தீட்டின. அப்படத்தில் ^ ஒரு கிளையிலும் $ மறு கிளையிலும் தனித்தனியே நிற்பதைக் காணலாம்.