உச்சிக்குழியா, ஓசைக்குறியா? ‘எண்ணம்’ குறிக்கும் சீன எழுத்தும் துவான் யூட்சாயின் திருத்தமும்

‘எண்ணுதல்’ என்று பொருள்படும் சீன எழுத்தின் அடிப்பகுதி இதயக் குறி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மேற்பகுதிதான் சிக்கல். இன்றைய அச்சில் அது வயலைக் குறிக்கும் எழுத்தைப் போலத் தோன்றுகிறது. ஹான் காலத்து அலுவலக எழுத்தில் வளைகோடுகள் நேர்கோடுகளானதன் விளைவு அது. அதற்கு முந்தைய முத்திரை எழுத்தில் அவ்விடத்தில் உச்சிக்குழிக் குறி நிற்கிறது. பச்சைக் குழந்தையின் மண்டையில் எலும்பு கூடாத மெத்தென்ற இடம் அது. மூளையும் இதயமும் கூடியே எண்ணம் பிறக்கிறது என்பதைப் பண்டைச் சீனர் எழுத்திலேயே பதித்துவிட்டனர் என இதைக்கொண்டு இன்றளவும் எழுதிவருகிறார்கள். இக்கூற்றுக்குப் புலமை மதிப்புத் தந்தவர் துவான் யூட்சாய் (1735–1815). அவர் செய்த பாடத்திருத்தம் ஏற்கத்தக்கதன்று என்பதே என் வாதம்.

ஷூ ஷென் கி.பி. 100இல் முடித்த ‘ஷுவோவென்’ அகராதியை 986இல் ஷூ ஷுவான் பதிப்பித்தார். அந்தப் பாடத்தில் உச்சிக்குழி பொருள் தரும் உறுப்பாக அல்ல, ஓசை தரும் உறுப்பாகவே சொல்லப்படுகிறது. எழுத்தின் பொருளும் ‘இடங்கொள்ளுதல்’ என்றே தரப்படுகிறது. 1815இல் வெளிவந்த தம் உரையில் துவான் இவ்விரண்டையும் மாற்றினார். ஓசை உறுப்பு என்பதை நீக்கி, இரு உறுப்புகளும் பொருள் தருவன என்றார். ‘இடங்கொள்ளுதல்’ என்பதை, ஆற்றைத் தூர்வாரி நீருக்கு வழிவிடுவதைக் குறிக்கும் சொல்லாகத் திருத்தினார். முதல் திருத்தத்துக்கு அவர் காட்டும் சான்று யுவான் காலத்து ‘யுன்ஹுய்’ அகராதி: உச்சிக்குழியிலிருந்து இதயம்வரை பட்டிழைபோல் ஒன்று அறாமல் ஊடுருவி நிற்கிறதாம்.

துவானை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பழஞ்சீன எதுகைகளைப் பதினேழு தொகுதிகளாக வகுத்தவர் அவர். ‘எண்ணம்’ முதல் தொகுதியில் அடங்கும். உச்சிக்குழி அதில் அடங்காது. ‘மென்மை, நுண்மை’ குறிக்கும் எழுத்தில் நூற்குறியோடு இதே உச்சிக்குழி ஓசை உறுப்பாக வருகிறது. அதுவும் முதல் தொகுதிக்கு வெளியேதான் நிற்கிறது. ஆகவே ‘எண்ணம்’ என்பதற்கு உச்சிக்குழி ஓசை தந்திருக்க முடியாது என்பது அவர் முடிவு. இந்த ஒலியியல் வாதம் வலுவானது. ஆனால் பட்டிழைச் சான்று அப்படியன்று. ஷூ ஷென்னுக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் பிந்திய ஓர் அகராதியின் விளக்கத்தை அவர் வாயில் வைப்பது பாடத்திருத்தம் ஆகாது. மேலும், இழை ஊடுருவுவதும் நீர் ஊடுருவுவதும் ஒரே கற்பனை. இரண்டு திருத்தங்களுக்குத் தனித்தனிச் சான்று கிடைத்தது என்பதைவிட, ஒரு கற்பனை இரண்டு திருத்தங்களையும் இழுத்துவந்தது எனக் கொள்ளவே இடமிருக்கிறது.

துவான் காண வாய்ப்பில்லாத சான்று மண்ணுக்கடியில் இருந்தது. 1977இல் ஷான்ஷி மாநிலம் சிஷான் வட்டத்து ஃபெங்சூ சிற்றூரில், சோவ் அரசின் தொல்லிடத்தில், குறிகேட்கப் பயன்பட்ட எலும்புகளும் ஆமையோடுகளும் கிடைத்தன. துண்டுகள் 17,000க்கும் மேல். எழுத்துள்ளவையோ முந்நூறுக்கும் குறைவு. உருப்பெருக்கி இன்றிப் படிக்க முடியாத பொடி எழுத்துகள். இவற்றில் கேடில்லாதிருக்க, சரியாக அமைய என்ற பொருள்படும் வாய்பாடுகளுக்கு முன்னால் உச்சிக்குழிக் குறி மட்டும் தனித்து வருகிறது. இதயக் குறி இல்லை. தலையோ மூளையோ அங்கே பேச்சில்லை. வேண்டுகோளைக் குறிக்கும் சொல் ஒன்றையே அக்குறி அங்கு எழுதுகிறது. அச்சொல் ‘எண்ணம்’ எழுத்தால் பின்னர் எழுதப்பட்ட அதே சொல் என்பது பலர் கருத்து.

‘பலர் கருத்து’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேயின் தலையைக் குறிக்கும் வடிவமும் இதனோடு ஒத்திருப்பதால் குறியை அடையாளம் காண்பதிலேயே தயக்கம் உண்டு. எலும்புகளின் காலமும் தீரவில்லை: சாங் அரசு வீழ்வதற்கு முந்தியவை எவை, பிந்தியவை எவை என்பதில் இன்னும் உடன்பாடில்லை. இவ்விடத்தில் பாவோஷான் மூங்கில் ஏடுகள் கைகொடுக்கின்றன. ஹுபெய் மாநிலத்தில் 1987இல் தோண்டப்பட்ட அக்கல்லறை கி.மு. 316ஐச் சேர்ந்தது. தொல்லை தரும் ஆவிகளை விலக்கச் சொல்லும் ஒரே வாய்பாட்டில் ஓரிடத்தில் இதயத்தோடும் வேறிடங்களில் இதயமின்றியும் உச்சிக்குழி எழுதப்பட்டுள்ளது. அச்சொல் ‘வேண்டுதலா’, ‘செய்வித்தலா’ என அறிஞர் பிரிந்து நிற்கின்றனர். எப்படிப் படித்தாலும் என் வாதத்துக்குக் குறைவில்லை: எழுதியவன் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. எதுகைத் தொகுதி தடுத்ததைக் கையெழுத்து அனுமதித்திருக்கிறது. இதயக் குறியை விட்டெழுதியது வெறும் சுருக்கமாகவும் இருக்கலாம் என்ற மறுப்பு வரும். ஏடுகளுக்கு அது பொருந்தலாம். அவற்றுக்குப் பல நூற்றாண்டு முந்திய எலும்புகளுக்குப் பொருந்துமென நான் நம்பவில்லை.

ஷூ ஷென்னுக்கு மூளை தெரியாது என்பதன்று இதன் பொருள். உச்சிக்குழியை மூளையின் மூடி என்றும், ‘மூளை’ எழுத்தில் வரும் அதே குறியை மூளையின் வடிவம் என்றும் அவரே விளக்குகிறார். ‘எண்ணம்’ எழுத்துக்கும் அப்படிச் சொல்ல அவருக்குத் தடையேதும் இல்லை. அவர் சொல்லவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

அப்படியானால் அவர் எண்ணத்தை உடலில் எங்கே வைத்தார்? இதயத்தை அவர் மண் உறுப்பு என்கிறார், உடலின் நடுவில் இருப்பது என்கிறார். நெருப்பு உறுப்பு என்பது கல்விச்சாலை அறிஞர் கூற்று எனத் தனியே குறிக்கிறார். ஐம்பூதங்களுக்கு உடலுறுப்புகளைப் பொருத்தும் வரிசைகளுள், பழைய எழுத்தில் அமைந்த நூல்களைப் போற்றிய ‘பழைய எழுத்துப் பள்ளி’யின் வரிசை இது. மற்ற நான்கு உறுப்புகளுக்கு இன்று கிடைக்கும் ‘ஷுவோவென்’ பாடம், இதயத்தை நெருப்பாகவும் மண்ணீரலை மண்ணாகவும் கொள்ளும் மருத்துவர் வரிசையையே தருவதால் மண்ணீரலும் மண்ணாகி, நெருப்புக்கு உறுப்பே இல்லாமல் போகிறது. பிற்காலக் கை பட்டிருக்க வேண்டும். ஷூ ஷென்னின் பழைய வரிசையை மறுத்த ஹான் அறிஞர் செங் ஷுவான் (127–200), நோய் தீர்ப்போர் வேறு வரிசையைப் பின்பற்றுவதையும், மாற்றிச் செய்தால் நோயாளி பிழைப்பதே அரிது என்பதையும் காட்டினார்.

‘ஆவண நூலின்’ ஹோங்ஃபான் இயலில் வரும் ஐந்து செயல்களில் இறுதியானது எண்ணம். ஹான் அறிஞர் அதை மண்ணோடு இணைத்தனர். அவ்விடத்தில், ஹான் அறிஞர் ஃபூ ஷெங் வழிவந்த ‘ஆவண நூல்’ பாடம் ‘இடங்கொள்ளுதல்’ என்றே நிற்கிறது. துவான் அதை அறிந்தும் ஒதுக்கினார். எண்ணமும் மண், இதயமும் மண், மண்ணின் இயல்பு எதையும் ஏற்று இடங்கொடுப்பது. ஷூ ஷென்னின் விளக்கம் திருத்தமின்றியே முழுமையாக நிற்கிறது. மருத்துவர் வரிசையில் இதயம் நெருப்புக்குப் போனபோது எண்ணம் மண்ணிலேயே தங்கியது. மருத்துவ நூலான ‘சூவென்’னின் ஐந்தாம் இயல் எண்ணத்தை மண்ணீரலுக்குத் தருவதன் காரணம் இதுவே எனத் துணிகிறேன். எண்ணத்தை இதயத்திலிருந்து படிப்படியாகத் தோன்றுவதாகச் சொல்லும் மற்றொரு மருத்துவ நூலான ‘லிங்ஷூ’வின் எட்டாம் இயல் பழைய நிலையின் எச்சமாகலாம். இவ்விரு இயல்களில் எது முந்தியது என நாள் குறிக்க முடியாத நிலையில் இதற்குமேல் சொல்வதற்கில்லை.

ஐம்பூத வரிசை எழுத்தைவிடப் பிந்தியது. ஆகவே நான் மீட்க முயல்வது ஷூ ஷென்னின் வாசிப்பை மட்டுமே. முதலில் எழுதியவனின் மனத்தை அன்று. மூளையை மூலச் சித்தத்தின் உறைவிடம் என்ற மருத்துவர் லி ஷிசென்னின் நூல் அச்சேறியது 1596இல். நினைவு இதயத்தில் இல்லை, மூளையில் என்று மருத்துவர் வாங் சிங்ரென் வாதிட்டது 1830இல். துவானின் உரை இவ்விரண்டுக்கும் இடையில் எழுந்தது. அது சிங் காலத்து உடலறிவுக்கு நல்ல சான்று. சோவ் காலத்துக்கோ ஹான் காலத்துக்கோ சான்றாகாது.