முத்திரைச் சஞ்சிகைகள் வீடு மாறிய கதை

வீட்டுப் பெரியவர் ஒருவர் மறைந்து அந்தியேட்டியும் முடிந்தபின், அவரது அறையைத் துப்புரவாக்கும் வேலை பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. உடுபுடவைகளைக் கொடுக்க ஆட்கள் உண்டு. கட்டிலும் மேசையும் யாருக்கேனும் உதவும். ஆனால் கயிற்றாற் கட்டி அலுமாரியில் அடுக்கிய சஞ்சிகைகளை என்ன செய்வது? இலக்கிய ஏடுகளாயின் கேட்பார் ஓரிருவர் இருப்பர். புகைப்படக்கலை, வானொலிப் பொறி, முத்திரைச் சேகரிப்பு எனப் பொழுதுபோக்குக்காக அவர் வரவழைத்தவையாயின், பழைய கடதாசி வாங்குபவரின் தராசே முடிவாகிவிடுகிறது. சில நாளில் அவை கடலைச் சுருளாகிவிடும்.

அந்தத் தராசுக்குத் தப்பிய ஒரு சஞ்சிகைத் தொகுதியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

உலகின் முதலாவது ஒட்டும் தபால் முத்திரையை 1840இல் பிரித்தானியா வெளியிட்டது. எமது இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் முதலாந் திகதி வெளிவந்தது. நாடுகள் தோறும் முத்திரைகள் பெருகவே, அவற்றைச் சேர்ப்போரும் பெருகினர். அவர்களுக்கெனச் சஞ்சிகைகளும் தோன்றின. 1862இன் இறுதியில் லிவர்பூலில் ஒன்று, 1863இல் பிரசல்ஸ் நகரில் மோன்ஸ் என்னும் வணிகர் நடத்திய மற்றொன்று என அவை தொடங்கின. எந்த நாட்டில் என்ன முத்திரை புதிதாக வந்தது, எது போலி, எதற்கு என்ன விலை என்பனவே அவற்றின் உள்ளடக்கம். பல, சில இதழ்களுடன் நின்றுபோன மெல்லிய தாள்கள். ஆயினும் முத்திரை ஆய்வுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஃபிலட்டெலி’ என்ற சொல்லை, 1864இல் ஜோர்ஜ் ஹேர்பன் என்ற பிரெஞ்சுக்காரர் அத்தகைய சஞ்சிகை ஒன்றிலேதான் முதன்முதலாக எழுதினார். அந்த இதழ்கள் முழுவதும் எரிந்தோ கிழிந்தோ போயிருப்பின், ஒரு துறைக்குப் பெயர் வந்த வரலாறே மறைந்திருக்கும்.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஜோன் டிபனி என்றொரு வழக்கறிஞர் இருந்தார். முத்திரைகளைச் சேர்ப்பதோடு நில்லாமல், முத்திரை பற்றி அச்சான எழுத்துகளையும் அவர் சேர்த்தார். 1874இல் அத்தகைய வெளியீடுகளுக்கு ஒரு பட்டியலையும் நூலாக வெளியிட்டார். 1886இல் அமெரிக்க முத்திரைச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியபோது அதன் முதற் தலைவரும் அவரே. 1897இல் அவர் காலமானார்.

அவர் விட்டுச் சென்றதில் பெறுமதி கூடிய இதழ்களை மட்டும் தெரிந்தெடுத்து விற்றிருக்கலாம். எஞ்சியவை குப்பைக்குப் போயிருக்கும். அவ்வாறு நடக்கவில்லை. அந்த நூலகத்தைச் சில ஆண்டுகளின் பின் ஸ்கொத்லாந்தின் குரோபோர்ட் பிரபு முழுதாகவே வாங்கினார்.

இந்தப் பிரபு வெறும் செல்வந்தரல்லர். வானியலறிஞர். 1874இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதை அவதானிக்க மொரீசியஸ் தீவுவரை சென்றவர். தமது அவதான நிலையத்தின் கருவிகளையும் வானியல் நூல்களையும் 1888இல் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அவையே எடின்பரோ அரச அவதான நிலையத்தின் புதுவாழ்வுக்கு அடித்தளமாயின. ஒரு சேகரிப்பு தன்னோடு முடிந்துவிடலாகாது என்பதை அவர் முன்னரே அறிந்திருந்தார்.

முத்திரை நூலகத்திலும் அவர் அதையே செய்தார். டிபனியின் சேகரிப்புடன் மேலும் பலவற்றைச் சேர்த்தார். எட்வர்ட் டெனி பேக்கன் என்னும் அறிஞரைக் கொண்டு எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதுவித்தார். அந்தப் பட்டியல் 1911இல் அச்சாயிற்று. இரண்டாண்டுகளில், 1913இல், பிரபு மறைந்தார். அவரது மரணசாசனப்படி சுமார் 4,500 தொகுதிகளும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. 1973இல் பிரித்தானிய நூலகம் தனியே அமைந்தபோது அங்கே இடம்பெற்றன. ஒரு வழக்கறிஞரின் அறையிலிருந்து பிரபுவின் மாளிகைக்கும், அங்கிருந்து பொதுமக்களின் நூலகத்துக்கும் வந்த பயணம் இது.

எமது மொழியிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா தமது ஆயுளெல்லாம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். ஏறக்குறைய ஓர் இலட்சம் உருப்படிகள் குடும்பத்தவர் கையில் இருந்தன. 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை முழுதாக வாங்கியது. வாங்கியும் கடல் கடந்து கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக அமைக்க வழிசெய்தது. தமிழாய்வாளர் பலரும் இன்று நாடிச் செல்லும் இடம் அது.

இந்த இரு வரலாறுகளிலும் பொதுவாயிருப்பது ஒன்றுண்டு. வாரிசுகள் கையில் வந்தது சிதறாமல் ஒரே கைக்கு மாறியது. தனி இதழுக்கு மதிப்பில்லாதிருக்கலாம். தொடர்ச்சியாக நிற்கும்போதே அது சான்றாகிறது. நடுவில் பத்து இதழ்களை உருவிக் கொடுத்தபின் எஞ்சியதை எந்த நூலகமும் விரும்பி ஏற்காது.

எனவே நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு அலுமாரி இருப்பின், கடதாசி வாங்க வருபவருக்கு ஒரு கிழமை தவணை சொல்லுங்கள். அந்தக் கிழமையில் ஒரு கொப்பியை எடுத்து, இதழின் பெயர், ஆண்டு, மாதம், எது குறைகிறது என்று எழுதுங்கள். அந்தப் பொழுதுபோக்கில் ஈடுபாடுள்ள ஒருவரை முதலில் தேடுங்கள். பின்னர் ஊர் நூலகத்தையும் பாடசாலையையும் கேளுங்கள். வெறும் கட்டுகளைக் கண்டால் இடமில்லை என்பவர்கள், பட்டியலைக் கண்டால் ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்கள். தகப்பனார் ஏன் மாதந்தோறும் தபாற்காரனுக்காகக் காத்திருந்தார் என்பதும், எழுதி முடிக்கையில் உங்களுக்கு ஓரளவு விளங்கியிருக்கும்.