ராம்கோ சிஸ்டம்ஸ்
இராஜபாளையத்து ராம்கோ குழுமத்தின் மென்பொருள் நிறுவனம். தலைமையகம் சென்னை தரமணியில் இருந்தாலும், பதிவு அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த இராஜபாளையம் பி.எஸ்.கே. நகரில்தான் உள்ளது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையே குழுமத்தின் தொடக்கம். சிமென்டும் கூரைத் தகடும் பின்னர் வந்தன.

கூரைத் தகடு செய்யும் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சிப் பிரிவாக, பி. ஆர். வெங்கட்ராம ராஜாவின் முனைப்பில் 1989-இல் மென்பொருள் பணி தொடங்கியது. 1997-இல் அது தனி நிறுவனமானது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆள்கணக்கில் வேலை செய்து கொடுப்பதே இந்திய மென்பொருள் துறையின் வழக்கமாக இருந்த காலம் அது. விற்பதற்குச் சொந்தமாக ஒரு மென்பொருளை உருவாக்குவது என்றால் பல ஆண்டுகள் வருமானமின்றிச் செலவழிக்க வேண்டும். பெரிய தொழில் குழுமத்தின் மடியில் வளர்ந்ததே அவ்வழியில் இறங்கிய ராம்கோ சிஸ்டம்ஸுக்குக் கிடைத்த பெரும் பலம் எனலாம்.

கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, கணக்கு ஆகியவற்றை ஒன்றிணைத்த 'மார்ஷல்' மென்பொருள் 1990-களில் வெளிவந்தது. அடுத்து 'வர்ச்சுவல்வொர்க்ஸ்' என்னும் மென்பொருள் உருவாக்கத் தளம். இன்று சம்பளப் பட்டியல், விமானப் பராமரிப்பு மென்பொருள்கள் முதன்மையானவை. ஹெலிகாப்டரின் ஒரு பாகம் எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பதை விமானப் பராமரிப்பு மென்பொருள் கணக்கு வைக்கிறது. திரையில் படிவம் நிரப்பும் வேலையைக் குறைத்து, அரட்டை, குரல் வழியே பணி முடிக்கச் செய்யும் 'ஜீரோ யூஐ' அணுகுமுறையையும் நிறுவனம் முன்வைத்தது.