மூன்று கேள்விகளும் ஆயிரம் மசலாவும்

கி.பி. 1572ஆம் ஆண்டு மதுரையில் ஒரு நூல் அரங்கேறியது. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா' அது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது அதுவே. மசலா என்னும் அறபுச் சொல்லுக்குக் கேள்வி என்பது பொருள். ஆக, நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற இலக்கியச் செல்வம் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது.

அந்த மதுரைக்குத் தெற்கே, ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள அருப்புக்கோட்டையில், சில ஆண்டுகளுக்கு முன் ஜகாத் குறித்து ஒரு கலந்துரையாடல் நடைபெற்றது. மேடையில் அறிஞர் மூவர்; நெறியாளர் இருக்கையில் நான். பல நூல்களைப் புரட்டி நீண்ட கேள்விகளைத் தயாரித்திருந்தேன். ஒவ்வொன்றிலும் என் வாசிப்பே முந்திக்கொண்டு பேசியது. பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. நேரமின்மையால் அதைப் படிக்கவில்லை. வீடு திரும்பிய பிறகே பிரித்துப் பார்த்தேன். "கடனில் மூழ்கியிருக்கும் என் அண்ணனுக்கு என் ஜகாத்தைக் கொடுக்கலாமா?" என்று ஒரே வரி.

வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்தால் விவசாயிக்குக் கடன். தறி நின்றால் நெசவாளிக்குக் கடன். அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளியையும் திருக்குர்ஆன் (9:60) குறிப்பிடுகிறது. அறிஞர்கள் சில நிமிடங்களில் விளக்கியிருப்பார்கள். என் கேள்விகள் அந்த நிமிடங்களை விழுங்கிவிட்டன.

கேட்கும் முறையை நமக்குக் கற்றுத் தர வரலாறு இருக்கிறது. ஆயிரம் மசலாவில் கேள்வி கேட்பவர் மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி). அவரைப் பற்றிய அக்கதை தமிழில் மட்டுமின்றி மலாய், ஜாவா மொழிகளிலும் வழங்கியது. 12ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனுக்கும் சென்றது. ஆனால் புகாரியில் பதிவான நிகழ்ச்சியில் அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: இறுதி நாளின் முதல் அடையாளம் எது, சொர்க்கவாசிகளின் முதல் உணவு எது, குழந்தை தந்தையையோ தாயையோ ஒத்திருப்பது எதனால். விடை சரியெனக் கண்டால் தம் வாழ்வையே மாற்றிக்கொள்ளும் துணிவோடு அவர் கேட்டார், மாற்றிக்கொள்ளவும் செய்தார்.

ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றிக் கேட்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. வந்தவரே கேட்டுவிட்டு, விடையைச் சரியென்றும் சொன்னது கண்டு தோழர்கள் வியந்தனர். அவர் தமக்காகக் கேட்கவில்லை. உங்களுக்கு மார்க்கத்தைக் கற்றுத் தரவே வந்தார் என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கேள்விகளோ மிகச் சிறியவை. அவையோர் சார்பில் கேட்பதே நெறியாளரின் பணி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ?

அவையை நடத்தும் முறைக்கு உமர் (ரலி) அவர்களைப் பார்க்கலாம். பத்ருப் போரில் பங்கேற்ற மூத்தோர் அவையில் இளைஞர் இப்னு அப்பாஸை (ரலி) அமர்த்தியதைச் சிலர் விரும்பவில்லை. ஒருநாள் எல்லோரையும் அழைத்து, 'இதா ஜாஅ நஸ்ருல்லாஹ்' அத்தியாயத்தின் பொருளைக் கேட்டார்கள். சிலர் வெளிப்படையான பொருளைக் கூறினர். சிலர் மௌனம் காத்தனர். பின்னர் இளைஞரிடம், "நீரும் அவ்வாறே கருதுகிறீரா?" என்று கேட்டார்கள். இல்லை, அது நபியவர்களின் மறைவை உணர்த்துவது என்றார் அவர். தாமும் அவ்வாறே அறிந்திருப்பதாக உமர் (ரலி) சொன்னது அதற்குப் பிறகுதான். தம் கருத்தை முன்னரே சொல்லியிருந்தால் அந்த இளைஞரின் அறிவு அவைக்குத் தெரிந்திருக்குமா?

நம் திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணரின் வாழ்விலும் ஒரு செய்தி உண்டு. சமய நம்பிக்கையில் நாம் வேறுபடினும் அச்செய்தி நமக்குப் பயன்படும். 1902இல் பேசாதிருந்த அவரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை சில வினாக்களைக் கேட்டார். அவர் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்னும் நூலாயின. உண்மையான தேடலோடு கேட்டால் மௌனத்திலிருந்தும் விடை பிறக்கும்.

தேவையற்ற கேள்வி சுமையாகும் என்பதற்குப் பசுவை அறுக்கப் பணிக்கப்பட்ட மக்களின் வரலாறு (2:67-71) எச்சரிக்கையாக நிற்கிறது. அறியாதவற்றை அறிந்தோரிடம் கேளுங்கள் என்ற கட்டளையும் (16:43) உடன் நிற்கிறது. இரண்டிற்கும் இடையில்தான் நெறியாளரின் இருக்கை.

இப்போதெல்லாம் அவையிலிருந்து வரும் சீட்டுகளை முதலில் படிக்கிறேன். என் கேள்விகளைப் பத்திலிருந்து மூன்றாகக் குறைத்துக்கொண்டேன். அந்தச் சகோதரிக்கு அன்று கிடைக்காத விடை, இனி வரும் எவருக்கும் மறுக்கப்படாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.