ஆரஞ்சுத் தோலும் ஒரு தேன்நிறக் கறையும்

சர்க்யூட் போர்டில் சால்டர் வைத்து முடித்ததும் இணைப்பைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு பிசுக்குப் படியும். வேலை முடித்த ஃப்ளக்ஸ் விட்டுப்போகிற எச்சம் அது. நகத்தால் சுரண்டினாலே பெயரும் இந்தக் கறையைக் கழுவப் போய், மின்னணுத் தொழில் ஓசோன் படலத்திலேயே கைவைத்தது.

ஃப்ளக்ஸ் இல்லாமல் ஈயம் ஒட்டாது. செம்பின் மேல் காற்றுப் பட்டு உண்டாகும் ஆக்சைடை அது தின்று தீர்த்தால்தான் உருகிய ஈயம் பரவும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவுவதும், பொற்கொல்லர் பற்றவைக்கும் இடத்தில் வெங்காரம் தடவுவதும் இதற்காகத்தான். பாத்திரத்தில் மிஞ்சியதைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். ரேடியோவுக்குள் புளிக்கு வேலையில்லை. நவச்சாரத்தில் உள்ள குளோரைடு ஈரத்தோடு கூடினால் மெல்லிய செம்புத் தடத்தை அரித்துவிடும்.

ஆகவே மின்வேலைக்காரர்கள் ரோசினைப் பிடித்துக்கொண்டார்கள். பைன் மரப் பிசினில் டர்பன்டைனை வடித்தெடுத்தபின் தங்கும் கட்டி அது. வயலின் வில்லில் தேய்ப்பதும் அதுவே. சூட்டில் மிதமான அமிலமாக நடந்துகொள்ளும். ஆறினால் கண்ணாடிபோல் இறுகி, தன்னுள் சிக்கியதைப் பூட்டிவைக்கும். துடைக்காமல் விட்டாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை.

அவசரம் வந்தபோதுதான் சிக்கலும் வந்தது. 1950களில் அலை சால்டரிங் பரவியது. உருகிய ஈயத்தின் அலைமேல் போர்டு ஒருமுறை நகர்ந்தால் போதும், நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே மூச்சில் முடிந்துவிடும். சில நொடிகளில் ஆக்சைடைத் தின்னும் வேகம் வெறும் ரோசினுக்கு இல்லை. வீரியம் கூட்ட ஹாலைடு உப்புகளைச் சேர்த்தார்கள்; போர்டின் அடிப்பக்கம் முழுக்கப் பூசினார்கள். மிஞ்சியதைக் கழுவியே ஆகவேண்டியதாயிற்று.

கழுவுவதற்கு வாய்த்தது சிஎஃப்சி-113 என்ற குளோரோஃப்ளூரோகார்பன் கரைப்பான். அன்றைய பொறியாளர்கள் அதன்மேல் மயங்கியதில் வியப்பில்லை: தீப்பற்றாது, பிளாஸ்டிக்கைக் கெடுப்பது அரிது, சுமார் 48 டிகிரியில் கொதிக்கும். தொட்டியில் கொதிக்கும் ஆவிக்குள் குளிர்ந்த போர்டை இறக்கினால், ஆவி அதன்மேல் துளித்துளியாகப் படிந்து பிசுக்கைக் கரைத்துக்கொண்டு வழியும். போர்டு உலர்ந்தே வெளியே வரும். தப்பும் ஆவி வானத்துக்குப் போனது. அதை யார் எண்ணிப்பார்த்தார்கள்?

எண்ணியதெல்லாம் போர்டின் அழுக்கைத்தான். 1970களின் தொடக்கத்தில் இண்டியானாபோலிசில் இருந்த அமெரிக்கக் கடற்படை மையத்தில் ஒரு சோதனை உருவானது. ஆல்கஹாலும் நீரும் 75-க்கு 25 என்று கலந்த திரவத்தில் போர்டைக் கழுவி, திரவத்தின் மின்தடை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.56 மைக்ரோகிராம் உப்புக்கு ஈடான அழுக்கு, அதற்குமேல் கூடாது. ரோசின் காலத்துக்கென்று பிறந்த இந்த எண், ஃப்ளக்ஸே மாறிய பிறகும் பல பத்தாண்டுகள் வேதவாக்காக நின்றது.

சிஎஃப்சி ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974லேயே எழுதினார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று அத்தகைய பொருட்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. மாற்றுக் கரைப்பான் கிடைக்குமா என்று தொழில் தயங்கிக்கொண்டிருக்கையில், 1988 ஜனவரியில் ஏடி அண்ட் டி நிறுவனமும் புளோரிடாவின் பெட்ரோஃபெர்ம் நிறுவனமும் ஒரு மாற்றை அறிவித்தன. ஆரஞ்சுத் தோலில் கிடைக்கும் டெர்பீன்தான் அதன் சரக்கு. ரோசினும் மரப்பிசின் வழி வந்த டெர்பீன் இனம்தான். உறவு உறவைக் கரைத்தது. தீப்பற்றும் என்ற குறை மட்டும் இருந்தது.

அதைவிடத் துணிச்சலான கேள்வியைக் கேட்டவர்கள் கனடாவின் நார்தர்ன் டெலிகாம் பொறியாளர்கள்: எதற்காகக் கழுவ வேண்டும்? எச்சம் குறைவாக விடும் ஃப்ளக்ஸைக் கையாண்டு, கழுவும் படியையே தூக்கிவிட்டார்கள். 1991 முடிவதற்குள் அந்நிறுவனம் சிஎஃப்சி-113ஐக் கைவிட்டது. கரைப்பானுக்குக் கொடுத்துவந்த காசு மிச்சமானதுதான் வேடிக்கை. வளர்ந்த நாடுகள் 1996லும் இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகள் 2010லும் சிஎஃப்சி உற்பத்திக்கு முற்றுப்புள்ளி வைக்கவேண்டும் என்பது பின்னர் வகுத்த கெடு.

பழைய ரோசின் ஃப்ளக்ஸில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் திடப்பொருள் இருந்தது. ‘நோ-கிளீன்’ என்று விற்கும் திரவ ஃப்ளக்ஸில் இரண்டு முதல் ஐந்து சதவீதம்தான். அதில் உள்ள மென்மையான கரிம அமிலம் அலையின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அந்தச் சூடு பட வேண்டும் என்பதுதான் சங்கதி. பழுதுபார்க்கும் மேசையில் இதே ஃப்ளக்ஸைத் தாராளமாகப் பீய்ச்சி, நுனி மட்டும் சூடான சால்டரிங் அயர்னை வைத்தால், ஓரங்களுக்கு ஓடிய மிச்சம் வேகாமல் வீரியத்தோடு தங்கிவிடும். பல் துலக்கும் பிரஷ்ஷில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தால் அது போகாது. கரைந்து, பரவி, அடுத்த சிப்பின் அடியில் போய் வெள்ளையாகக் காயும். கரைந்த ஈரம் உலர்வதற்குள் நார் உதிராத துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.