இரும்பின் களைப்பு

மனிதன் களைத்துப் போவான். வண்டி மாடும் களைத்துப் போகும். இரும்பு களைக்குமா? களைக்கும். இங்கிலாந்து இதை விலை கொடுத்தே தெரிந்துகொண்டது. அந்த விலைக்கும் நம் அம்பத்தூருக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

செஸ்டர் நகரில் டீ நதிமேல் ஒரு ரயில் பாலம். கட்டியவர் ராபர்ட் ஸ்டீவன்சன். எஞ்சின் புகழ் ஜார்ஜ் ஸ்டீவன்சனின் பிள்ளை. தூலங்கள் வார்ப்பிரும்பு. மரத்தளம் தீப்பற்றக் கூடாதே என்று 1847 மே 24-ஆம் தேதி அதன்மேல் ஐந்து அங்குலம் ஜல்லி கொட்டினார்கள். அன்று மாலை வண்டி கடைசிக் கண்ணைக் கடக்கும்போது, காலடியில் பாலம் இறங்குவதை டிரைவர் உணர்ந்தார், வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் கரையேறிவிட்டது. பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. ஐந்து பேர் மாண்டார்கள்.

வண்டி தடம் புரண்டு மோதியதால்தான் தூலம் முறிந்தது என்று சாதித்தார் ஸ்டீவன்சன். விசாரிக்க வந்த காப்டன் சிம்மன்ஸோ, ஓயாமல் வளைந்து வளைந்தே அது பலமிழந்தது என்றார். பெரிய மனிதரின் வாக்கைவிட முறிந்த இரும்பின் வாக்கை நம்பிய அந்த ராணுவக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது. வளைவு மட்டுமா? தளக் கட்டைகள் தூலத்தின் கீழ் விளிம்பில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தன. ஆகவே ஒவ்வொரு வண்டியும் அதை முறுக்கியும் பார்த்தது.

அரசாங்கம் கமிஷன் வைத்தது. வார்ப்பிரும்புச் சட்டங்களை யந்திரத்தில் மாட்டி, அழுத்துவதும் விடுவதுமாகச் சோதித்தார்கள். முறியும் அளவு வளைவில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால், ஆயிரக்கணக்கான தடவை தாங்கிற்று. பாதி வரை வளைத்தால், 900 தடவைக்குள் முறிந்தது!

அறிக்கை 1849-இல் வந்தது. ஏழு வருஷம் கழித்து, 1856 ஜூலை 1-ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஓடிற்று; அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் பாதைதான் அது. வார்ப்பிரும்பை அமுக்கினால் தாங்கும், இழுத்தால்தான் விரியும். அதனால் பாலத்தில் மதிப்பிழந்த பிறகும் அதற்கு வேலை போகவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பராக நம் நாட்டில் வெகு காலம் படுத்துக் கிடந்தது. கான்கிரீட் வந்துதான் அதை எழுப்பிவிட்டது.

இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்பட வேலை நடக்கிறது. எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் உடைந்த வார்ப்படம் ஒன்றைக் காட்டினார். முறிந்த முகத்தின் ஓரத்தில் துருவேறிக் கறுத்த பட்டை. மற்ற இடமெல்லாம் புதுச் சாம்பல் நிறம்.

“இந்தக் கறுப்பு ரொம்ப நாள் புண் சார். மிச்சம்தான் நேத்து உடைஞ்சது.”

இந்த இரும்புக்குள் கரி மெல்லிய செதில்களாகச் சிதறியிருக்கிறது. ஒவ்வொரு செதிலும் பிறவியிலேயே வந்த கீறல். ஒரே நாளில் அது பிளப்பதில்லை. பாரம் ஏறி இறங்கும் போதெல்லாம் மயிரிழை மயிரிழையாக நகர்கிறது. கூரான உள்மூலை கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அதனால் பாட்டர்ன் செய்கிறவர்கள் உள்மூலைகளில் மெழுகை வைத்து வளைவாக இழைத்துவிடுகிறார்கள்.

டீ பாலத்தை இக்காலத்தில் ஆராய்ந்த பீட்டர் லூயிஸ், தூலத்தின் கீழ் விளிம்பில் ஓடிய அலங்கார வரியின் கூரான மூலையில்தான் விரிசல் பிறந்தது என்கிறார். இதை மேஸ்திரியிடம் சொன்னேன்.

“பாலத்துக்கு அடியில போய் எவன் சார் அழகு பார்க்கப் போறான்?” என்று கேட்டுவிட்டு, மெழுகை எடுத்து உருட்ட ஆரம்பித்தார்.